தோட்டத்துப் பெரியவருக்கு நினைவுக் கத்தி: பாராங்கா, அரிவாளா, பால் கத்தியா?

கோலாலம்பூரில் பட்டறைக்காரரிடம் நினைவுப் பரிசாகக் கத்தி அடிக்கச் சொன்னால், காடு வெட்டும் மலாய்க் கத்தியான பாராங்தான் முதலில் வரும். எடுப்பான கத்திதான். நல்ல பாராங்கின் முதுகு பிடியருகே 5 முதல் 6 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும், நுனிக்குப் போகப் போக மெலியும். அலகு முன்பக்கம் அகன்று வருவதால் கனம் முன்னால் விழும். பிடியின் கடைசி கீழே வளைந்து புடைத்திருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் வியர்த்த கையிலிருந்து நழுவும். காடு வெட்டியவருக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த குடும்பம் என்றால் திருப்பாச்சேத்தி அரிவாள் ஊரை ஞாபகப்படுத்தும். ஆனால் வீச்சரிவாள் காவல் தெய்வத்தின் கையில் இருப்பது. ரப்பர் தோட்டத்தில் ஆயுள் முழுக்க உழைத்தவரின் வேலையை அது சொல்லாது.

ரப்பர் பால் வெட்டியவருக்கு ஜெபோங் என்னும் பால் கத்திதான் என் தேர்வு. கைக்கடக்கமான கத்தி, கண்ணாடிப் பெட்டியில் பாராங் அளவுக்கு மிரட்டாது. ஆனால் அந்தக் கை தினமும் பிடித்தது அதைத்தான். வாய் 'வி' எழுத்துப் போல மடங்கியிருக்கும். மரத்தின் இடது மேலிருந்து வலது கீழாக, சுமார் 30 பாகைச் சரிவில் இழுத்து வெட்டுவார்கள். ஒரு வெட்டுக்குப் பட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் போகலாம். ஆழம் தவறி, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள உள்சவ்வில் பட்டால் புதுப்பட்டை முண்டு முண்டாக வளரும். அந்த நிதானத்துக்குச் செய்யும் மரியாதை இது.

வாங்கும்போது வாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பள்ளத்தின் மூலையில் வெள்ளைக் கோடு மின்னினால் அங்கே கூர் இல்லை. சாணை பிடித்த சூட்டில் இரும்பு நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. திரும்பச் சூடேற்றித் துவைச்சல் போடச் சொல்லுங்கள், அதாவது பழுத்த இரும்பை முக்கிச் சட்டென்று குளிரவைப்பது. லாரி வில்லுப்பட்டையில் அடித்ததை எண்ணெயில்தான் துவைக்க வேண்டும். தண்ணீரில் போட்டால் விரிசல் விழும். துவைத்த பிறகு சுமார் 200 பாகை செல்சியஸில் இரண்டு தடவை சூட்டில் வைத்து இளக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் கீழே விழுந்தாலே வாய் உடையும்.

பெயர் பொறிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உளியால் ஆழமாக வெட்டிவிட்டுத் துவைத்தால் எழுத்தின் மூலையிலிருந்தே விரிசல் ஓடும். துவைச்சல் முடிந்தபின் அமிலத்தால் அரித்து எழுதுவது பத்திரம். எழுத்தைப் பிடிக்குப் பக்கத்தில் வையுங்கள், வாயருகே வேண்டாம்.

பிடிக்கு மெர்பாவ் மரம் கேட்டால், நனையும்போது அதிலிருந்து பழுப்புச் சாறு கசிந்து இரும்பில் கறை பிடிக்கும். முதலில் எண்ணெய் ஊட்டி அடைக்கச் சொல்லுங்கள்.

பொது இடத்தில் தக்க காரணமின்றி ஆயுதம் வைத்திருப்பது மலேசியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பூட்டிய பெட்டியில், நேராக விழா மண்டபத்துக்குக் கொண்டுபோங்கள்.

தோலுறையில் போட்டு மூடி வைக்காதீர்கள். நம்மூர் ஈரக்காற்றில் உறைக்குள்ளேயே துரு ஏறும். தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, மாதம் ஒருமுறை, பருத்தித் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும்.