ஆறு வருடப் பழைய போர்டில் இரண்டு பயாஸ் அப்டேட்: என் அனுபவம்

2019-இல் வாங்கிய எம்எஸ்ஐ பி450 டோமஹாக் மதர்போர்டு இன்னும் என் மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது போட்ட சிபியு ஏஎம்டியின் ரைசன் 5 2600. 2023-இல் அதைக் கழற்றிவிட்டு ரைசன் 5 5600 மாட்டினேன். பி450 போர்டுகளில் 5600 அடங்கிய 5000 வரிசைக்கு ஆதரவு கிடையாது என்று 2020 மே மாதம் ஏஎம்டி அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்ததும் அதே மாதம் இறங்கி வந்தது. இல்லையென்றால் என் போர்டு என்றைக்கோ பரணுக்குப் போயிருக்கும்.

புது சிபியு வேண்டுமென்றால் முதலில் பயாஸை (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருளை) மாற்ற வேண்டும், அதுவும் பழைய சிபியு போர்டில் இருக்கும்போதே. ஒரு வாரம் தள்ளிப் போட்டேன். பயம்தான்.

கோப்பைத் தேடும்போதே ஒரு சிக்கல். டோமஹாக், டோமஹாக் மேக்ஸ் இரண்டுக்கும் போர்டு எண் 7சி02தான். பயாஸ் மட்டும் வேறு வேறு. என்னுடையதில் பயாஸ் சிப் 16 எம்பி, மேக்ஸில் 32. பதிப்பு எண்ணில் வி1 என்று வந்தால் எனக்கு, வி3 என்றால் மேக்ஸுக்கு. இதை மூன்று தடவை சரிபார்த்தேன். சின்ன சிப்பில் இடம் போதாததால் புதிய பயாஸில் பழைய ஏ வரிசை சிபியுக்களுக்கான ஆதரவை எடுத்துவிட்டிருக்கிறார்கள், மெனுவும் மொட்டையாக இருக்கிறது. எனக்கு நஷ்டமில்லை.

பயாஸ் எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடலாம். இந்த விஷயத்தில் வீட்டு இன்வர்ட்டரை நம்பாதீர்கள். கரண்ட் போய் அது கைக்கொள்ளும் இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். யுபிஎஸ் வேண்டும், அதன் பேட்டரிக்கும் உயிர் இருக்க வேண்டும். முந்தின நாள் சுவர் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன்; பத்து நிமிடம் தாங்கியது.

எம்எஸ்ஐ பயாஸிலேயே இருக்கும் எம்-ஃப்ளாஷ் என்ற அப்டேட் வசதியில் எழுதி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதன்பின் திரை கறுத்து, தானாக இரண்டு முறை அணைந்து எரிந்தது. அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தாமல் இருப்பதுதான் பெரிய வேலை.

பயாஸ் அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடும் என்பதால் முன்பே போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். 3200-இல் ஓட வேண்டிய ராம் 2133-இல் ஓடியது; ராமை அதற்குரிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியைத் திரும்ப ஆன் செய்ததும் சரியானது. விர்ச்சுவல் மெஷினுக்கான எஸ்விஎம்மும் அணைந்திருந்தது. விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் அதை முதலில் சஸ்பெண்ட் செய்து, ரெக்கவரி கீயைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் எஃப்டிபிஎம் மாறியதும் விண்டோஸ் அந்த ரெக்கவரி கீயைத்தான் கேட்கும்.

2024-இல் வெளிவந்த சிங்க்குளோஸ் பாதுகாப்பு ஓட்டைக்கான திருத்தம் வேண்டி, போன வருடம் இரண்டாவது அப்டேட். இம்முறை போர்டின் பின்புற ஃப்ளாஷ் பட்டனை முயன்றேன். சிபியு, ராம் எதுவுமே இல்லாமல் இது வேலை செய்யும். பழைய போர்டு வாங்குகிறவர்கள் இந்தப் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். விளக்கு சில நொடி மினுக்கி நின்றுவிட்டது. போச்சு என்று நினைத்தேன். தவறு என்னுடையது: 64 ஜிபி பென் டிரைவ், எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டில் இருந்தது. கோப்பையே படிக்காததால் எதுவும் எழுதப்படவில்லை. பழைய 16 ஜிபி ஒன்றை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து செருகியதும் விளக்கு விடாமல் மினுக்க ஆரம்பித்தது. அந்தப் பென் டிரைவை இப்போது கேபினட்டின் உள்பக்கமே டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.