பழைய காரின் அடியில் ஆறு காதுகள்: சஸ்பென்ஷன் சத்தத்தைத் தேடும் மைக் செட்

14 ஆண்டுகள் ஓடிய காரைத் தூக்கி நிறுத்தி அதன் அடிப்பகுதியை நெம்பிப் பார்த்தால், குறையில்லாத பாகம் என்று எதுவும் கண்ணில் படாது. சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் (உலோகங்களுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் ரப்பர்த் துண்டில்) வெடிப்பு இருக்கும், ஷாக் அப்சார்பரின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும், லிங்க் ராட் லேசாக ஆடும். தேய்ந்தது எது என்று கேட்டால் எல்லாமே என்பதுதான் பதில். சத்தம் போடுவது எது என்பது முற்றிலும் வேறு கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொண்டதால், என் காரின் முன்பக்கத்தில் எழுந்த ‘டக் டக்’ ஓசைக்காக ஒரு பணிமனையில் முதலில் இரண்டு லிங்க் ராடுகளும், பிறகு முன்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் மாற்றப்பட்டன. ஓசை அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் இந்த மைக் செட்டை வாங்கினேன். எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன்.

கருவி எளிமையானது. ஆறு கிளிப்புகள், ஒவ்வொன்றிலும் அதிர்வை உணரும் சிறிய மைக், அவற்றிலிருந்து வரும் நீண்ட வயர்கள் சேரும் ஒரு கைப்பெட்டி, எந்த மைக்கைக் கேட்பது என்று தேர்ந்தெடுக்க ஒரு குமிழ், ஒலியைக் கூட்டிக் குறைக்க இன்னொரு குமிழ், ஒரு ஹெட்ஃபோன். கிளிப்புகளைச் சந்தேகத்துக்குரிய பாகங்களில் பொருத்திவிட்டு, கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகக் கேட்கலாம் என்பதே இதன் சிறப்பு. நின்ற நிலையில் செய்யும் சோதனை பல நேரங்களில் பொய் சொல்லிவிடும். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் (வளைவுகளில் கார் சாய்வதைக் குறைக்கும் தண்டு) முறுக்கேறி, தன் முனையில் இணைந்திருக்கும் லிங்க் ராடை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சாலையில் ஆடும் லிங்க் அங்கே இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும். காரின் எடை இறங்கி, சாலையின் அடி விழும்போதுதான் பழுதான பாகம் வாய் திறக்கிறது.

என் காரில் ஓசை வலது முன்பக்கம் கேட்டது. முதல் சுற்றில் இரு லோயர் ஆர்ம்கள், இரு லிங்க் ராடுகள், இரு ஷாக் அப்சார்பர்களின் கீழ்ப்பகுதிகள் ஆகிய ஆறு இடங்களில் கிளிப்புகளை மாட்டினோம். தம்பி காரை ஓட்ட, நான் பக்கத்து இருக்கையில் ஹெட்ஃபோனுடன் அமர்ந்தேன். குண்டும் குழியுமான பாதையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றபோது, இரண்டு லிங்க் ராடுகளிலும் ஓசை ஏறக்குறைய ஒரே அளவில் கேட்டது. புதிதாக மாற்றிய பாகங்கள் இரண்டும் ஒருசேரக் கெட்டிருக்க வாய்ப்பில்லை. ஸ்டெபிலைசர் பார் என்பது இடமிருந்து வலமாகச் செல்லும் ஒரே எஃகுத் தண்டு. அதில் எங்கே தட்டினாலும் இரு முனைகளிலும் கேட்கும் என்பதைச் சற்று நேரம் கழித்தே உணர்ந்தேன். வேகத்தடையை இரு முன்சக்கரங்களும் ஒன்றாக ஏறிக் கடந்தபோது ஓசை இல்லை, ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கியபோது ஓசை வந்தது என்பதும் அந்தத் தண்டை நோக்கியே விரலை நீட்டியது. இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறி இறங்கும்போது அந்தத் தண்டில் முறுக்கம் விழுவதில்லை.

இரண்டாம் சுற்றில் கிளிப்புகளைத் தண்டைப் பிடித்திருக்கும் புஷ்களின் பட்டைகளுக்கு அருகே நகர்த்தினோம். இடப்பக்கப் பட்டையில் குறுகிய, கூர்மையான ‘டக்’. மற்ற இடங்களில் எல்லாம் மழுங்கிய ‘தொம்’. இந்தக் கருவியை வைத்து நான் கற்றுக்கொண்டதில் மிகவும் பயன்பட்டது இதுவே: ஓசையின் உரத்தைவிட அதன் கூர்மையைக் கவனிக்க வேண்டும். உலோகமும் ரப்பரும் கடந்து வரும் ஓசை வழியில் கூர்மையை இழந்துவிடும்; பிறந்த இடத்தில்தான் அது கூராக இருக்கும். உறுதிசெய்துகொள்ள, சைக்கிள் டியூபின் ஒரு துண்டைத் தண்டைச் சுற்றி வைத்துப் பழைய புஷ்ஷையே பூட்டி ஓட்டினோம், ஓசை நின்றுவிட்டது. வலப்பக்கம் என்று இத்தனை நாள் என் காதுகள் உறுதியாகச் சொன்ன ஓசை, இடப்பக்கத்து ரப்பர்த் துண்டு ஒன்றில் இருந்தது. புதிய புஷ் வாங்கும்போது தண்டின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து வாங்குவது அவசியம். ஒரே மாடலின் வெவ்வேறு வகைகளில் தண்டின் கனம் மாறுவதுண்டு, சற்றுப் பெரிய துளையுள்ள புஷ் முதல் நாளிலிருந்தே தட்டத் தொடங்கிவிடும்.

கிளிப்புகளை மாட்டுவதில் அவசரம் கூடவே கூடாது. வயர்களைப் பிளாஸ்டிக் டேக்கால் கட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்து, சக்கரம், டிரைவ் ஷாஃப்ட், புகைக்குழாய் ஆகியவற்றிலிருந்து விலகியே இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே காரை நகர்த்த வேண்டும். ஓட்டுபவர் ஹெட்ஃபோன் அணியக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, பால் ஜாயிண்டுகளையும் (சக்கரப் பகுதியை லோயர் ஆர்முடன் இணைக்கும் மூட்டுகள்) டை ராட் எண்டுகளையும் (ஸ்டியரிங்கைச் சக்கரப் பகுதியுடன் இணைக்கும் மூட்டுகள்) நெம்பியும் கையால் ஆட்டியும் பார்த்துவிடுங்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். அதில் ஆட்டம் தெரிந்தால் ஓசையைத் தேடி ஓட்டிப் பார்க்கும் பேச்சே வேண்டாம்.

எல்லா ஓசைக்கும் இந்தக் கருவி உதவுவதில்லை. தட்டும் ஓசையைப் பிடிப்பதில் சிறந்தது. தொடர்ந்து வரும் ‘ஊம்’ என்ற இரைச்சலில் தடுமாறுகிறது, ஏனென்றால் டயரின் ஓசையே மைக்கை நிறைத்துவிடுகிறது. வீல் பேரிங்கைச் சந்தேகித்தால், சீரான வேகத்தில் மெல்ல வலப்புறமும் இடப்புறமும் வளைத்துப் பாருங்கள். வலப்புறம் வளைக்கும்போது இரைச்சல் கூடினால், எடை சாயும் இடப்பக்க பேரிங்கைத்தான் பெரும்பாலும் பார்க்க வேண்டியிருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போது டாப் மவுண்டில் (ஷாக் அப்சார்பரின் மேல்முனை காரின் உடலோடு சேரும் இடம்) வரும் ஓசைக்கு, ஒருவர் திருப்ப மற்றொருவர் ஸ்பிரிங்கின் மேல் கை வைத்துப் பார்த்தாலே துள்ளல் விரலில் தெரியும். பிரேக்கை லேசாக மிதித்ததும் தட்டல் நின்றால், பிரேக் பேடுகளையும், அவற்றை அழுத்தும் காலிப்பரைத் தாங்கும் பின்களையும் (ஊசிகள்) பார்க்க வேண்டும். சஸ்பென்ஷனை அதற்காகப் பிரிக்க வேண்டியதில்லை. காய்ந்த ரப்பரின் ‘கிரீச்’ ஓசைக்குச் சிறிது தண்ணீரே போதும்: நனைத்தவுடன் சற்று நேரம் அடங்கினால் அதுதான் இடம். அங்கே கிரீஸ் தடவிவிடாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

தயாரிப்பில் எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. கிளிப்பின் வாய் அகலம் போதாததால் தடித்த லோயர் ஆர்மைக் கவ்வ முடியாமல், ஏதாவது போல்ட் தலையையோ விளிம்பையோ தேட வேண்டியிருக்கிறது. கேட்டதைப் பதிவுசெய்யும் வசதியும் இல்லை. அது இருந்திருந்தால் பணிமனையில் விளக்கிச் சொல்லும் சிரமம் குறைந்திருக்கும். இருந்தும், தானே ஸ்பேனர் பிடிக்கும் பழக்கமுள்ள பழைய கார் உரிமையாளருக்கு நான் இதை உறுதியாகப் பரிந்துரைப்பேன். உதவிக்கு இன்னொருவர் கிடைக்காதவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். வாங்குமுன் முன் இருக்கையிலிருந்து பின் ஷாக் அப்சார்பர்வரை உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். என் செட்டின் வயர் அதுவரை எட்டாததால், பின்பக்கத்தைச் சோதிக்கும் நாள்களில் நான் பின் இருக்கையில் அமர்ந்து, வயரைப் பின் கதவின் கண்ணாடி வழியாக உள்ளே கொண்டுவந்து கேட்கிறேன்.