555 புத்தகமா, போன் செயலியா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகம் தெரியாமல் இருக்காது. மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, சட்டைப் பையில் அடங்குமே, அதுதான். போன வருடம் மூன்று மாதம் போன் செயலியில் செலவு எழுதிப் பார்த்துவிட்டு, 555க்கே வந்துவிட்டேன்.

கணக்கே எழுதாமல் இருந்தால் என்ன? இருந்தும் பார்த்தேன். சம்பளம் வந்த பதினைந்தாம் நாள் கைமாற்று. அவ்வளவுதான்.

கூட்டிக் கழிப்பதில் செயலிதான் மேல். ஆனால் அது என் போனில் இருந்தது. செலவோ மூன்று பேர் கையால் நடந்தது. மனைவி பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மீன் வாங்கியதையும் அம்மா வெற்றிலை வாங்கியதையும் இரவில் நான் கேட்டுக் கேட்டு ஏற்ற வேண்டும். கேட்டால் வேவு பார்ப்பது போல இருக்கும். கேட்காவிட்டால் மாதக் கடைசியில் கணக்கு இடிக்கும். இடித்ததையெல்லாம் ‘மற்றவை’யில் தள்ளினேன். மூன்றாம் மாதம் ‘மற்றவை’ மட்டும் 340 வெள்ளி (ரிங்கிட்)! போனில் கட்டும் பணம் தானாகப் பதிவாகும், சரி. மீன்காரரிடம் நீட்டும் நோட்டு பதிவாகாதே.

புத்தகம் அரிசி டின் மேல் கிடக்கிறது, நூலில் கட்டிய பேனாவோடு. வாங்கி வந்தவரே எழுதிவிடுவார். அம்மா ஒருநாள் ‘வெ. 2’ என்று மட்டும் எழுதிவைத்தார். வெற்றிலையா, வெங்காயமா, வெறும் 2 வெள்ளியா என்று அன்றிரவு பெரிய வழக்கே நடந்தது.

கடைக் கணக்கு முடிக்கவும் இதுதான் துணை. ஒருமுறை கடைக்காரர் 186 வெள்ளி என்றார்; எங்கள் புத்தகத்தில் 171. இரண்டு 555ஐயும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தோம். பால்மாவு இரண்டு முறை ஏறியிருந்தது. அவரே சிரித்துக்கொண்டு அடித்துவிட்டார். போனை நீட்டியிருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்குமா, சொல்ல முடியவில்லை.

கோலாலம்பூரில் தனியாக அறை எடுத்து வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் செயலி ஒத்துவரலாம். அந்த அனுபவம் எனக்கில்லை.

ஒன்றுக்கு மட்டும் போன்தான்: வருமான வரிக்கான ரசீதைப் படம் பிடித்து வைக்க. புத்தகம், இணையம், கணினி என்று 2,500 வெள்ளி வரை கழிவு கேட்கலாம், ஆனால் ரசீதை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மகனுக்குப் புத்தகம் வாங்கிய ரசீதை மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் போட்டு மறந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால், சூட்டில் தாளே கருத்து, எது எழுத்து எது தாள் என்று தெரியாமல் கிடந்தது.