மறுவாசிப்புக்கு எது: அரேலியஸின் ‘தியானங்கள்’, ஹெஸ்ஸேயின் ‘சித்தார்த்தன்’

மனம் குழம்பினால் என் கை இந்த இரண்டில் ஒன்றின் மேல்தான் போகும்.

‘தியானங்கள்’ ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் தனக்கென்று கிரேக்கத்தில் எழுதி வைத்த குறிப்புகள், மொத்தம் 12 பகுதிகள். 5-ஆம் பகுதியின் தொடக்கத்தில், விடியலில் படுக்கையை விட்டு எழ மனமில்லாத தன்னையே எழுப்பப் பார்க்கிறார். எங்கே திறந்தாலும் இரண்டு பக்கம் போதும். கோபமும் சோம்பலும் பிடித்த நாளில் நன்றாகவே கைகொடுக்கும்.

ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவலாக 1922-இல் வந்த ‘சித்தார்த்தன்’ அப்படியில்லை, முதலிலிருந்து படிக்க வேண்டும். தன்னை அறிய என்றால் எனக்கு இதுதான் ஒரு படி மேல். இளவயதில் படித்தபோது, அப்பாவின் வீட்டை விட்டுக் கிளம்பும் மகனான சித்தார்த்தன் பக்கம் நின்றேன். பல வருடம் கழித்து வேறோர் இடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. சித்தார்த்தனின் மகன் அவனை விட்டு ஓடிப்போகிறான். அப்புறம் ஒருநாள் சித்தார்த்தன் ஆற்றில் குனிந்து பார்க்கிறான். தன் முகத்தில் அப்பாவின் சாயல் தெரிகிறது. அவரை அவனும் இப்படித்தானே விட்டு வந்தான்! அன்று அந்தப் பக்கத்தைத் தாண்டவே முடியவில்லை.

படித்த பழைய பிரதியையே வைத்துக்கொள்ளுங்கள். அன்று நான் கோடிட்ட வரிகளில் பாதியை இன்று சும்மா கடந்து போகிறேன்.