மலைநகர மார்க்கெட்: புதுக் கூரை வந்தாச்சு, உள்வரிசைக்கு ஆள் வரவில்லை

நீலகிரியில் பஸ் நிலையத்தை ஒட்டியிருக்கும் ஒரு நகராட்சி மார்க்கெட்டின் மதிப்பீடு இது. வாடகைப் பேச்சு இன்னும் முடியாததால் ஊர்ப் பெயரைத் தவிர்த்திருக்கிறோம். கூரை மாற்றி, தரை போட்டு, வாசலில் வளைவு எழுப்பித் திறந்தாகிவிட்டது. ரோட்டைப் பார்த்த கடைகளில் வியாபாரம் நடக்கிறது. மேல்வாசலில் நுழைந்து இரண்டாவது குறுக்குச் சந்தைத் தாண்டினால் ஷட்டர்கள் இறங்கியே கிடக்கின்றன.

முதலில் காய்கறி. அதற்காக மட்டுமே இங்கே வரலாம். கேத்தி பள்ளத்தாக்குக் கேரட் மண்ணோடு வந்து இறங்குகிறது. மிஷினில் கழுவிய கேரட் பளபளக்கும்; ஆனால் மேல்தோல் உரசுபட்டிருப்பதால் கீழே கொண்டுபோனதும் சீக்கிரம் கறுக்கும், வழவழக்கும். மண் கேரட்டின் இலையை மட்டும் ஒடித்துவிட்டு, கழுவாமல் சாக்கில் வைத்தால் பல நாள் கூடுதலாக நிற்கும். இலையோடு விட்டால் கிழங்கிலிருக்கும் ஈரத்தை இலை இழுத்துவிடும். பீட்ரூட், டர்னிப், நூல்கோல், லீக்ஸ், செலரி எல்லாம் தரமாகவே இருக்கின்றன. குறை என்னவென்றால் விலைப்பலகை கிடையாது. 1999இல் தொடங்கிய உழவர் சந்தைகளில் வாசலிலேயே அன்றைய விலை எழுதியிருக்கும். இங்கே ஒவ்வொரு கடையாகக் கேட்க வேண்டும். மலைக்காய் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி அங்கே விலை பேசப்படுகிறது. அந்தக் காலை விலையை ஒரு கரும்பலகையில் எழுதி வைக்கப் பத்து நிமிஷம் போதும்.

அடுத்து கூரை. பணம் அதிகம் போனதும் இதில்தான், தப்பு அதிகம் நடந்ததும் இதில்தான். மழை ஒழுகவில்லை, அது உண்மை. ஆனால் பழைய ஓட்டை எடுத்துவிட்டு ஒற்றைத் தகரச் சீட் போட்டிருக்கிறார்கள். மேகமில்லாத இரவில் தகரம் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும். காலையில் கடை திறந்து, டீக்கடை அடுப்பு எரிந்து, ஆட்கள் நடமாட ஆரம்பித்ததும் உள்ளே இருக்கும் ஈரம் தகரத்தின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டுகிறது. கடைக்காரர்கள் இதை ஒழுகல் என்கிறார்கள், கொத்தனார் வந்து ஆணித் துளைகளை அடைக்கிறார், மறுநாளும் சொட்டுகிறது. சொட்டுவது மழையல்ல, உள்ளே பிடித்த பனி. அது விழும் இடத்தில் வெங்காயமும் மலைப்பூண்டும் இருந்தால் தோல் நனைந்து ஒரு வாரத்தில் கரும்பூசணம் பிடிக்கும். இதற்கு வைத்தியம் இரண்டு: சீட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்கும் அடுக்கு வேண்டும், நடுவில் பஞ்சு வைத்த 30 முதல் 50 மில்லிமீட்டர் பேனலாக இருந்தால் நல்லது. கூரை முகட்டில் நீளவாக்கில் காற்றுப்போக்கி திறப்பும் வேண்டும். அந்தத் திறப்பில் அரை அங்குல வெல்டட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அடிக்காவிட்டால் குரங்கு உள்ளே இறங்கும். வாழைப்பழக் கடை எந்தப் பக்கம் என்பது அதற்குத் தெரியும்.

வெளிச்சத்துக்காகக் கூரையில் பதித்த பாலிகார்பனேட் (ஒளி புகும் பிளாஸ்டிக்) தகடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயில் தாங்கும் பூச்சு அதன் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். புரட்டிப் போட்டால் சில வருஷத்திலேயே மஞ்சளாகி விரியும். மலை ஈரத்தில் பாசி வேறு படரும். பருவமழைக்கு முன்பு ஒருமுறை, ஓய்ந்த பிறகு ஒருமுறை, மெத்தென்ற துணியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் கழுவினாலே போதும். தேய்க்கும் பிரஷ் பூச்சைச் சுரண்டிவிடும். இங்கே உள்வரிசைத் தகடுகள் இப்போதே பச்சையடித்துவிட்டன. அதை ஈடுகட்ட மாட்டிய விளக்குகள் நீலம் பாய்ந்த வெள்ளை. அந்த ஒளியில் கேரட் வெளிறித் தெரிகிறது, இறைச்சி சாம்பல் பூத்துத் தெரிகிறது. ஒளியின் சாயல் 4,000 கெல்வின், நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் சி.ஆர்.ஐ. 80க்கு மேல் என்று கேட்டு வாங்கினால் காய் காயின் நிறத்திலேயே இருக்கும். உள்வரிசையில் ஆள் நுழையாததற்குப் பாதிக் காரணம் இந்த இருட்டு என்பது எங்கள் கணிப்பு.

தரையைச் சோதிக்க ஒரு வாளித் தண்ணீர் போதும். நடைபாதையின் நடுவில் ஊற்றிவிட்டுப் பாருங்கள். இங்கே ஊற்றிய தண்ணீர் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் நின்று, பிறகு மீன்கடை வாசலுக்கு எதிரே போய்த் தேங்குகிறது. வாட்டம் போதவில்லை. பத்தடிக்கு இரண்டு அங்குலம் இறக்கம் கொடுத்து, நடு உயர்ந்து இரண்டு ஓரமும் தாழ்ந்திருந்தால் தண்ணீர் நிற்காது. பளபளப்பு டைல்ஸ் பார்க்க அழகுதான். முட்டைக்கோஸ் மேல்இலை ஒன்று கிடந்தால் வழுக்கி விழ வேறெதுவும் வேண்டாம். நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட் இந்த வேலைக்குச் சரி.

சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தோம். கம்பி இடுக்குகளில் கேரட் இலை ஜடைபோல் பின்னிக்கிடந்தது. அதன்மேல் வெங்காயத் தோல், அதன்மேல் மீன் செதில். அடைப்பு சாக்கடையில் இல்லை, மூடியிலேயே இருக்கிறது. மூடி ஒவ்வொன்றும் ஆறடி நீளம், ஒருவர் தூக்க முடியாது. அதனால் யாரும் தூக்குவதில்லை. மூன்றடித் துண்டுகளாகப் போட்டு, இருபதடிக்கு ஒரு குழி வெட்டி அதில் எடுத்துக் கொட்டுகிற மாதிரி கூடை வைக்க வேண்டும். சாக்கடையின் அடி சதுரமாக இல்லாமல் அரைவட்டமாக இருந்தால் மூலையில் இலை ஒட்டாது.

மலைச்சரிவில் கட்டிய மார்க்கெட் என்பதால் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவே படிக்கட்டு. ஐந்தடி உயரத்துக்கு முறையான சாய்தளம் போட அறுபதடி நீளம் வேண்டும். நேராக இடமில்லை, மடக்கிப் போட்டால் வரும். வந்திருப்பதோ செங்குத்தான குட்டிச் சாய்தளம். அதில் சக்கர நாற்காலியைத் தள்ள முடியாது, மூட்டை சுமப்பவர்களும் படியைத்தான் நம்புகிறார்கள்.

இருட்டும் ஈரமும் சரியானாலும் உள்வரிசை தானாக நிமிராது. மீன், கறி வாங்குபவர்கள் கீழ்வாசல் வழியாக வந்து அப்படியே திரும்பிவிடுகிறார்கள். காய் வாங்குபவர்கள் மேல்வாசலோடு நின்றுவிடுகிறார்கள். நடுவில் இருப்பது பாத்திரக்கடை, தையல்கடை, பூட்டிய கடை. அன்றாடம் ஆள் தேடி வருகிற கடை நடுவில் இருக்க வேண்டும்: பால், பூ, சுடச்சுட வர்க்கி, டீ. கீழ்வாசலைப் பூட்டலாம் என்று ஒரு யோசனை ஓடுகிறது. தயவுசெய்து வேண்டாம், தீப்பிடித்தால் வெளியேற இருக்கும் வழி அது.

பூட்டிய கடைகளில் பல வெறும் கடையல்ல, குடோன். ஏலம் எடுத்தவர் ஒருவர், உள்வாடகைக்குச் சரக்கு அடுக்கியவர் இன்னொருவர். முப்பது நாள் தொடர்ந்து திறக்காத கடையைத் திரும்ப எடுத்து, ஆறுக்கு நாலடி மேடைகளாகப் பிரித்து, மூன்று மாத அனுமதியில் மகளிர் குழுக்களுக்கும் சிறு விவசாயிகளுக்கும் கொடுத்தால் உள்ளே விளக்கு எரியும். வெளியே நடைபாதையில் விற்பவர்களைத் துரத்தினால் கூட்டம் உள்ளே வரும் என்ற நம்பிக்கை தவறு. 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, தெருவோர வியாபாரத்தைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நாற்பது சதவீதம் அவர்களே இருக்க வேண்டும். அவர்களை உட்காரவைத்துப் பேசினால்தான் அவர்களில் சிலராவது உள்ளே மேடை எடுப்பார்கள்.

சீசனை நம்பிக் கடை போடுவதும் சரிவராது. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் மலையேற இ-பாஸ் என்ற இணைய அனுமதி கட்டாயமானது. அதற்கு முன்பும் சுற்றுலாக் கூட்டம் இரண்டு மாதக் கணக்குதான். மீதி மாதங்களைத் தாங்குவது எஸ்டேட் சம்பளமும் தேயிலை இலைப் பணமும். அந்தப் பணம் கைக்கு வரும் வாரங்களில் இரவு எட்டு மணி வரை விளக்கு எரிந்தால் வேலை முடிந்து வருகிறவர்களுக்கு உதவும். இப்போது ஏழுக்கே நடுவிளக்குகளை அணைத்துவிடுகிறார்கள்.

போகிறவர்களுக்கு: காலை எட்டுக்கு முன்பு கீழ்ச் சந்தில் லோடு இறங்கும், மேல்வாசல் வழியாகப் போங்கள். எலக்ட்ரானிக் தராசில் அந்த வருஷத்து முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பை மாவட்டத்திலேயே கிடையாது, மஞ்சப்பை கையில் இருக்கட்டும். மழை நாளில் ரப்பர் செருப்போடு மீன்கடைப் பக்கம் இறங்க வேண்டாம். கழிப்பறை இரண்டாவது குறுக்குச் சந்தின் கடைசியில் இருக்கிறது. சாவி எதிரே உள்ள பாத்திரக்கடையில்.