வீட்டுக்கு ஓர் உணவுப் புத்தகம்: எதை வைத்துக்கொள்ளலாம்?

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரையும் இன்னொருவருக்கு ரத்த அழுத்தமும் வந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தைச் சிபாரிசு செய்வார்கள். அப்பாவுக்கு மாத்திரை தொடங்கிய பிறகு எங்கள் வீட்டு அலமாரியில் அப்படி மூன்று வகை சேர்ந்தன. பாரம்பரிய உணவையே மருந்தாகச் சொல்லும் தமிழ்ப் புத்தகங்கள் ஒன்று. மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லும் பேலியோ, கீட்டோ வகைப் புத்தகங்கள் இன்னொன்று. மூன்றாவது, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட ‘இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்கள்’. இப்போது எங்கள் சமையலறையில் புழங்குவது மூன்றாவதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

விலை, நடை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பாரம்பரிய உணவுப் புத்தகங்கள் தமிழில் இருக்கின்றன, அம்மாவே எடுத்துப் படிக்கலாம். பேலியோ புத்தகங்களில் எடை குறைத்தவர்களின் அனுபவங்கள் நிறைய வரும், விறுவிறுவென்று ஓடும். வழிகாட்டுதல் நூல் அரசு அறிக்கை மாதிரி வறட்சியாக இருக்கும், நான் படித்தது ஆங்கிலப் பிரதி. ஆனால் இணையத்தில் இலவசம்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது அம்மா கேட்ட ஒரு கேள்வி. “எண்ணெயைக் கொறைங்க, உப்பைக் கொறைங்கன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. எவ்வளவுன்னு யாராச்சும் சொல்றாங்களா?” அந்தக் கேள்வியோடு மூன்றையும் திரும்பப் புரட்டினேன். கிராம் கணக்கில் நேராகப் பதில் சொன்னது வழிகாட்டுதல் நூல் மட்டும்தான்.

அதில் ஒரு நாள் தட்டு என்று ஒரு பக்கம் இருக்கிறது. 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், கீரையோடு சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100, பருப்பு வகை 85, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெயும் நெய்யும் 27, பால் அல்லது தயிர் 300 மில்லி. அசைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்பில் ஒரு பகுதியை முட்டை, மீன், இறைச்சியாக மாற்றிக்கொள்ளலாம். உப்பு 5 கிராமுக்குள், சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள். தானியங்கள் எல்லாம் சமைக்காத எடை.

ஒரு நாள் கணக்கு வீட்டுக்கு உதவாது, மளிகைப் பட்டியல் மாதக் கணக்கில்தானே போடுகிறோம். நாலு பேருக்கு முப்பது நாளைக்குப் பெருக்கிப் பார்த்தேன். எண்ணெய் 3,240 கிராம், அதாவது நெய்யையும் சேர்த்து ஏறத்தாழ மூன்றரை லிட்டர். நாங்கள் மாதம் ஐந்து லிட்டர் கேன் வாங்கிக்கொண்டிருந்தோம், அதுவும் போதாமல் கடைசி வாரத்தில் அரை லிட்டர் பாக்கெட் வரும். உப்பு 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், பிஸ்கட், மிக்சர் வழியாக உள்ளே போகும் உப்பு தனி என்பதால் அதையும் தாண்டி வர வேண்டும்.

இந்தக் கணக்கு அம்மாவின் கையில் இப்படி மாறியது. காலையில் சின்ன எவர்சில்வர் டம்ளரில் 120 மில்லி எண்ணெய் அளந்து வைத்துவிடுவார். அன்றைக்குத் தாளிப்பு, பொரியல், தோசை எல்லாம் அதிலிருந்துதான். தோசை ஊற்றும் நாளில் மதியத்துக்குள் டம்ளர் காலியாகிவிடும், ராத்திரிக்கு இட்லியோ இடியாப்பமோ. யாரும் யாரையும் கண்டிக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஒரு புத்தகத்தால் ஒரு சமையலறையில் இவ்வளவு நடக்க முடியும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

குறைக்கச் சொல்வதைவிடக் கூட்டச் சொல்லும் கணக்குதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. பருப்பு வகை 85 கிராம் என்றால் நாலு பேர் வீட்டுக்கு மாதம் பத்து கிலோவுக்கு மேல் வருகிறது. துவரை, பாசி, உளுந்து, கடலை எல்லாம் கூட்டினாலும் நம் வீடுகளில் அதில் பாதிகூடத் தேறாது. ரேஷனில் கிடைப்பது கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு. அரிசி 250 கிராமைத் தாண்டிப் போவதும் பருப்பு இப்படிக் குறைவதும் ஒரே தட்டில்தான் நடக்கிறது. ‘புரதம் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற வாக்கியத்தை எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். நம் சாம்பார் எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்பதை இந்த எண்தான் காட்டியது.

நேரத்துக்கும் அதில் அளவு உண்டு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி, டீ வேண்டாம் என்கிறது. அவற்றில் உள்ள டானின், உணவிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும். டிபன் தட்டோடு டபரா செட்டும் வந்து நிற்கும் வீடுகளுக்கு, குறிப்பாக ரத்தசோகை உள்ள பெண்கள் இருக்கும் வீடுகளுக்கு, இந்த ஒரு பக்கமே பெரிய உதவி.

இந்த நூலை வெளியிட்ட நிறுவனம் தொடங்கியதே நம் குன்னூரில்தான். 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அங்கிருந்த பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தவிட்டை அறவே நீக்கித் தீட்டிய அரிசியை மட்டும் நம்பிச் சாப்பிடுகிறவர்களைத் தாக்கும் தயமின் (வைட்டமின் பி1) குறைபாட்டு நோய் அது. 1958-இல் ஆய்வகம் ஹைதராபாத்துக்குப் போனது. சோறு தின்கிறவர்களின் உடம்பைப் பற்றி நூறு வருடத்துக்கு மேல் யோசித்த இடம் என்பதால், அந்த எண்களின் மேல் எனக்குக் கூடுதல் நம்பிக்கை.

பாரம்பரிய உணவுப் புத்தகங்களை நான் ஒதுக்கவில்லை. முடக்கத்தானை எப்படி அரைத்து தோசை மாவில் கலப்பது, தூதுவளை முள்ளை எப்படி எடுப்பது என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். காய்கறி 400 கிராம் என்று சொல்லும் நூல், அதை ருசியாக உள்ளே அனுப்பும் வழியைச் சொல்வதில்லை. ஆனால் பெரும்பாலான பாரம்பரியப் புத்தகங்களில் அளவு இல்லை, யாருக்குக் கூடாது என்பதும் இல்லை. இது பெரிய ஆபத்து. சீனிக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை என்று எழுதிவிட்டால், சர்க்கரை நோயாளி தாராளமாகப் போட்டுக்கொள்வார். இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம்; சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தில் அது ஏறினால் இதயத்துக்கே ஆபத்து. அவர்களும் படிக்கக்கூடிய புத்தகத்தில் ‘தினமும் இளநீர்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பேலியோ, கீட்டோ பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. நண்பர்கள் சிலருக்கு எடை இறங்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் புத்தகங்களின் பலமே கறாரான விதிகள்தான், சோறு வேண்டாமென்றால் வேண்டாம். பல வருடம் கழித்து உடம்பு என்ன சொல்லும் என்பதை என் நண்பர் வட்டத்தை வைத்துச் சொல்வது சரியாக இருக்காது. எங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராததற்குக் காரணங்கள் இரண்டு. இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுக்கிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் திடீரென்று மாவுச்சத்தை நிறுத்தினால், சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம். அடுத்தது பாதாம், பனீர், இறைச்சிக்கு ஆகும் மாதச் செலவு.

எண்களில் ஆர்வம் வந்தவர்களுக்கு அதே நிறுவனத்தின் ‘இந்திய உணவுகளின் சத்து அட்டவணை’ இருக்கிறது. 2017 பதிப்பில் 528 உணவுகள். அருமையான உழைப்பு, ஆனால் சமையலறைக்குச் சரிப்படாது. ஆற்றலை கிலோஜூலில் கொடுத்திருப்பதால் கலோரி வேண்டுமென்றால் 4.184-ஆல் வகுக்க வேண்டும். சமைக்காத பொருட்களின் அட்டவணை என்பதால் இட்லிக்கும் பொங்கலுக்கும் நேரடி எண் கிடைக்காது. கல்லூரியில் உணவியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வைத்துக்கொள்ளலாம்.

வழிகாட்டுதல் நூலிலும் குறை உண்டு. அது பொதுமக்களுக்கு எழுதப்பட்டது. அப்பாவுக்கு அவருடைய மருத்துவர் எழுதிக் கொடுத்த பட்டியல்தான் முதலில், இது அதற்குப் பின்னால்தான். 2,000 கலோரி என்பது எல்லோருக்குமான கணக்கும் அல்ல. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் தேவை குறைவு, எங்கள் பெருக்கல் கணக்கு அந்த அளவில் தோராயம். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பகுதிகள் இருக்கின்றன. எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லாததால் அவற்றைச் சமைத்துப் பார்த்துச் சொல்ல வாய்ப்பில்லை. காய்கறியும் சிக்கல்தான். நாலு பேருக்கு நாளைக்கு 1.6 கிலோ என்பது தக்காளியும் வெங்காயமும் விலையேறும் மாதங்களில் கையைக் கடிக்கிறது. அப்போதெல்லாம் கீரைக்கட்டு, முருங்கைக்கீரை, பூசணி, சுரைக்காய் என்று சமாளிக்கிறோம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முழு நூலையும் படிக்க வேண்டியதில்லை. அந்தத் தட்டுப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து, உங்கள் வீட்டு ஆள் கணக்குக்குப் பெருக்கி, மளிகைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். முதல் மாதம் எண்ணெயையும் பருப்பையும் மட்டும் பார்த்தால் போதும். எங்கள் பட்டியலில் பருப்பு, சாயங்காலச் சுண்டலையும் சேர்த்து இப்போது ஆறு கிலோவுக்கு வந்திருக்கிறது. மீதியை வாரத்தில் சில நாள் முட்டையும் மத்தி மீனும் ஈடுகட்டுகின்றன.