ராம்பியனா, கிரீப்பிங் பெல்ஃப்ளவரா, தொராஜியா? தின்னக்கூடிய மணிப்பூச் செடிகள்: ஓர் ஒப்பீடு

"வேலியோரம் ஊதா நிறத்தில் மணி மணியாகப் பூக்கும் செடி ஒன்று தானாக முளைத்திருக்கிறது. அதன் கிழங்கைச் சாப்பிடலாமாமே, உண்மையா?" டொரண்டோ பக்கம் தோட்டம் போடும் நம்மவர்களில் யாராவது ஒருவர் ஒவ்வொரு கோடையிலும் இதைக் கேட்டுவிடுகிறார்கள். உண்மைதான், சாப்பிடலாம். அடுத்த கேள்வி உடனே வரும்: "அப்படியென்றால் இன்னும் நாலு நட்டுவிடவா?" அங்கேதான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. வேலியோரம் தானாக வருவது பெரும்பாலும் கிரீப்பிங் பெல்ஃப்ளவர். ஐரோப்பியர்கள் நூற்றாண்டுகளாக ஆசையாக நட்டுச் சாப்பிட்டது ராம்பியன். கொரியக் கடைகளில் வெள்ளை வேராகக் கிடைப்பது தொராஜி. மூன்றும் ஒரே மணிப்பூக் குடும்பம்தான். ஆனாலும் சுவை வேறு, குணம் வேறு, தோட்டத்தில் கொடுக்கும் தொல்லையும் வேறு.

முதலில் ராம்பியன். தாவரவியல் பெயர் கம்பானுலா ரப்புன்குலஸ். ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா இதன் சொந்த மண். இரண்டு வருடச் செடி: முதல் வருடம் தரையோடு ஒட்டி இலைகளை விரித்துக் கிழங்கைத் தேற்றும், இரண்டாம் வருடம் தண்டு விட்டுப் பூத்து, விதை போட்டு முடிந்துவிடும். கிழங்கு வெள்ளையாக, விரல் நீளத்தில், மெல்லிய முள்ளங்கிபோல இருக்கும். கடித்தால் மொறுமொறுப்பு, லேசான இனிப்பு, பின்னால் வால்நட் வாசனை. முள்ளங்கியின் காரம் துளியும் கிடையாது. இலையைப் பச்சையாக சாலட்டில் போடலாம், கீரையாக வதக்கலாம். 1699-லேயே ஆங்கில எழுத்தாளர் ஜான் ஈவ்லின் சாலட் செடிகளைப் பற்றி எழுதியபோது ராம்பியன் வேரை முள்ளங்கிக்கு மேலாக மதித்தார். கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட ரப்புன்ஸெல் கதையில், மசக்கைக்காரி ஆசைப்பட்டு அடுத்த வீட்டு மந்திரக்காரியின் தோட்டத்திலிருந்து திருடி வரச் சொன்ன கீரை இதுதான் என்று பலர் சொல்வார்கள். வேறொரு கீரை என்று வாதிடுபவர்களும் உண்டு. எதுவாக இருந்தாலும், ராம்பியன் இலையை மென்று பார்த்தவர்களுக்கு அந்த ஆசை விளங்கும்.

இவ்வளவு ருசியான செடி ஏன் காய்கறித் தோட்டங்களிலிருந்து காணாமல் போனது? என் பார்வையில், அதன் உழைப்புக் கணக்குதான் காரணம். விதை தூசு மாதிரி. மூச்சு பட்டாலே பறந்துவிடும், மணலில் கலந்துதான் தூவ முடியும். ஆழமாகப் புதைத்தால் முளைக்காது, மேலே தூவி லேசாக அழுத்திவிட வேண்டும். முளைத்த பிறகும் வாரக்கணக்கில் பொடிப்பொடியாகவே நிற்கும், அதற்குள் களை அதை மூடிவிடும். சிறிய கிழங்கு ஒன்றுக்காக இவ்வளவு பாடு படுவதற்கு, பெரிய கிழங்குகள் எளிதாக விளையும் காலத்தில் யாருக்கும் பொறுமை இல்லை. இத்தாலியின் வடக்கில் இன்னும் வசந்தத்தில் கிழங்கோடு இலையாகப் பிடுங்கிச் சமைக்கிறார்கள். பிரிட்டனில் இப்போது இது மிக அரிதான செடி. அங்கே இருப்பவர்கள் காட்டில் பார்த்தால் ரசித்துவிட்டு வந்துவிடுங்கள். நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது அங்கே 1981-ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

கிரீப்பிங் பெல்ஃப்ளவர், அதாவது கம்பானுலா ரப்புன்குலாய்டஸ், இதற்கு நேர் எதிர். உங்களிடம் எதையும் கேட்காது. பூ அழகுக்காக ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்கு வந்தது, இன்று தோட்டக்காரர்களின் தலைவலி. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் இதைத் தொல்லைக் களைப் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் அதன் சாமர்த்தியம் புரியும். மேல்மண்ணில் நூல் நூலாகக் கிடைமட்ட வேர்கள் நாலா பக்கமும் ஓடுகின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டே போனால் கீழே ஒரு சாண் ஆழத்தில், சில சமயம் இன்னும் கீழே, கேரட் வடிவில் வெள்ளைக் கிழங்கு இருக்கும். கையால் இழுத்தால் தண்டு மட்டும் வரும், கிழங்கு உள்ளேயே தங்கிவிடும். அறுபட்ட துண்டு ஒவ்வொன்றும் புதிதாகத் துளிர்க்கும். போதாததற்கு ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். புல்வெளிக் களைக்கு வழக்கமாக அடிக்கும் 2,4-டி மருந்துக்கும் இது அசைந்து கொடுப்பதில்லை. டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2009 முதல் வீட்டுத் தோட்டங்களில் அழகுக்காகக் களைக்கொல்லி அடிக்கவே தடை என்பதால், கடப்பாரையும் மண் கிளறும் முள்கரண்டியும்தான் வழி.

சரி, எப்படியும் தோண்டத்தான் போகிறீர்கள், தோண்டியதைத் தின்னலாமே? தாராளமாக. பூக்காத, இளம் செடியின் கிழங்கு இனிப்பாகவே இருக்கும். முற்றினால் நார். தோலைச் சுரண்டி, வட்டமாக அரிந்து, கடுகு தாளித்துப் பொரியல் செய்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இதய வடிவ அடி இலைகள் கொஞ்சம் சொரசொரப்பானவை, சாலட்டுக்குச் சுகப்படாது. வசந்தத்தின் தொடக்கத்தில் பறித்துப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் அந்தச் சொரசொரப்பு தெரியாது. ஆனால் பழைய வீட்டுச் சுவரோரம் முளைத்ததை விட்டுவிடுங்கள். உதிர்ந்த பழைய பெயிண்டின் ஈயம் அந்த மண்ணில் கலந்திருக்கக்கூடும். முளைத்திருப்பதைத் தின்று தீர்ப்பது நல்ல வேலை. புதிதாக நடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், உங்கள் தோட்டத்தோடு பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தையும் கெடுத்த பாவம் வந்து சேரும்.

தொராஜியை இந்த இரண்டோடும் ஒரே தட்டில் வைப்பது சரியா என்று கேட்கலாம். அதன் பூ மொட்டு பலூன் மாதிரி உப்பி, பிறகு ஐந்து இதழாக வெடிக்கும். தாவரவியலில் இது கம்பானுலா அல்ல, பிளாட்டிகோடன் என்ற தனிப் பேரினம், அந்தப் பேரினத்தில் இது ஒன்றேதான். ஆனால் 'மணிப்பூக் கிழங்கு' என்று சமையலறைக்குள் போய்ப் பார்த்தால், இன்றும் உயிரோடு இருக்கும் மரபு கொரியாவுடையதுதான். அறுவடைத் திருநாளான சூசோக்கில் மூன்று நிற நாமுல், அதாவது காய்கறித் தொடுகறி, வைப்பார்கள்: வெள்ளைக்குத் தொராஜி, பழுப்புக்குப் பெரணித் தண்டு, பச்சைக்குப் பசலை மாதிரியான ஒரு கீரை. என் கொரியத் தோழியின் அம்மா செய்யும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வேரின் தோலைச் சுரண்டிவிட்டு, கத்தியால் அரியாமல் நீளவாக்கில் நார் நாராகக் கிழிக்கிறார். கல் உப்பைப் போட்டு, நாம் பாகற்காயைப் பிசறுவதுபோல, இரு கையாலும் அழுத்தி அழுத்திப் பிசைகிறார். நுரை வரும். சாப்போனின் வெளியேறுகிறது என்று அர்த்தம், கசப்புக்குக் காரணமே அதுதான். குளிர்ந்த நீரில் பலமுறை அலசிப் பிழிந்து, நல்லெண்ணெய், பூண்டு, வெங்காயத்தாளோடு வதக்குகிறார். கொஞ்சம் கசப்பு மிஞ்சும், அது மிஞ்சத்தான் வேண்டும் என்கிறார். கீரையாக இதன் இளந்துளிரையும் தின்பதுண்டு, ஆனால் தொராஜி என்றால் வேர்தான்.

தோட்டத்தில் இது சாது. ஓடாது, படராது, கடும் குளிரைத் தாங்கும். வசந்தத்தில் மிகத் தாமதமாகத் தலை காட்டுவதால், செத்துவிட்டது என்று நினைத்து அதன் மேலேயே மண்வெட்டியைப் போட்டுவிடாதீர்கள். ஒரு குச்சியை நட்டு இடத்தைக் குறித்து வையுங்கள். வேர் தேற இரண்டு மூன்று வருடம் ஆகும். கொடியாகப் படரும் தொதொக் என்ற உறவுக்காரச் செடி இன்னும் வாசனையானது. அதன் வேரைத் தட்டிப் பரப்பி, மிளகாய் விழுது தடவிச் சுடுவார்கள். அதற்குப் பந்தல் வேண்டும், சிறு தோட்டத்துக்கு ஒத்து வராது.

இந்தக் குடும்பத்துக் கிழங்குகள் மாவுச்சத்துக்குப் பதிலாக இன்யூலின் என்ற நார்ச்சத்தைச் சேமிக்கின்றன. நம் குடல் அதைச் செரிக்காது, பெருங்குடல் பாக்டீரியாக்கள்தான் புளிக்க வைக்கும். முதல் முறையிலேயே தட்டு நிறையத் தின்றால் வயிறு பொருமும். குடும்பம் ஒன்று என்பதற்காக எதையும் வாயில் வைக்கவும் கூடாது. நீலகிரிச் சரிவுகளில் ஆளுயரம் நிற்கும் காட்டுப் புகையிலையும் இதே குடும்பம்தான். அதில் இருப்பது லோபிலின், நஞ்சு. தொராஜி என்று நினைத்து அமெரிக்க போக்வீட் என்ற நச்சுச் செடியின் வேரைத் தின்று மருத்துவமனைக்குப் போகிறவர்கள் கொரியாவிலேயே இருக்கிறார்கள். உடைத்தால் வெள்ளைப் பால் வருகிறதா என்று பார்ப்பது ஒரு தொடக்கச் சோதனை, ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. பூவைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, அந்த இடத்தை அடையாளம் வைத்து, அடுத்த வசந்தத்தில் தோண்டுங்கள்.

சமையலில் ஆர்வம் உண்டு, தோட்டத்தில் தொல்லை வேண்டாம் என்றால் தொராஜி நடுங்கள். தாமதமானாலும் ஏமாற்றாது. ஆனால் ஒரே ஒரு பாத்தி மிச்சமிருந்து, எதை நடலாம் என்று என்னைக் கேட்டால் ராம்பியன் என்பேன். சுவையில் மற்ற இரண்டும் அதன் கிட்டே வர முடியாது, அதை நட ஆளில்லாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஜூனில் தூவுங்கள். முன்கூட்டியே தூவினால் கிழங்கு தேறாமல் அந்த வருடமே தண்டு விட்டுவிடும். நாலு விரல் இடைவெளிக்குக் கலைத்துவிட்டு, கலைத்த நாற்றை சாலட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். நவம்பரில் மண் உறைவதற்குள் பாதியைத் தோண்டி, மீதியின் மேல் வைக்கோல் போர்த்தி வையுங்கள். இரண்டு செடியை மட்டும் தொடாமல் விட்டால், அடுத்த கோடையில் பூத்து உங்களுக்கு வேண்டிய விதை முழுவதையும் கொடுத்துவிடும்.